அப்பாவின் காய்ச்சலைக் கைபேசி ஏன் கண்டுபிடிக்கவில்லை?

கேள்வி: டொக்டர், எங்கள் ஊர் மட்டக்களப்புப் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். அப்பாவுக்கு 56 வயது, நெடுநாளாகச் சீனி வியாதி. மார்கழி வெள்ளம் வடிந்ததும் வரம்பு கட்டப் போனவருக்கு ஒரு கிழமையில் குளிர்காய்ச்சல் தொடங்கியது. கைபேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டேன். முதலில் வைரஸ் காய்ச்சல் என்றது. இரத்தப் பரிசோதனை முடிவைக் கொடுத்தபோது டெங்குவாக இருக்கலாம் என்றது. வயல் வேலை என்று சொன்ன பிறகு எலிக்காய்ச்சல் என்றது. டிஸ்பென்சரியில் செப்ட்ரியாக்சோன் ஊசி மூன்று நாள் போட்டும் குறையவில்லை. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரத்தத்தை வளர்த்துப் பார்த்து மெலியோய்டோசிஸ் என்றார்கள், ஈரலில் சீழ்க்கட்டியும் இருந்தது. ஒரு மாதம் வார்டில் இருந்துவிட்டு இப்போது வீட்டில் மாத்திரை குடிக்கிறார். மாத்திரை பதினான்கு நாள் போதும் என்று செயலி சொல்கிறது, அப்பாவும் நிறுத்திவிடலாம் என்கிறார். தம்பி பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறான். மட்டக்களப்புக் காய்ச்சல்களைக் கண்டுபிடிக்கும் செயலி ஒன்றை இறுதி வருடச் செயற்றிட்டமாகச் செய்யப் போகிறானாம். நல்ல செயலியாக இருந்திருந்தால் அப்பாவின் நோயை முன்பே பிடித்திருக்குமா? இனி இவற்றை நம்பலாமா? தம்பியின் எண்ணம் சரிதானா?

– ஒரு மகள், படுவான்கரை

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

முதலில் மாத்திரை, மற்றதெல்லாம் பிறகு. மெலியோய்டோசிஸ், மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பக்டீரியாக் கிருமியால் வரும் நோய். அதற்குச் சிகிச்சை இரண்டு கட்டம். முதல் கட்டம் நாளம் வழியே ஏற்றும் செப்டசிடிம் அல்லது மெரோபெனெம். குறைந்தது பத்துப் பதினான்கு நாள் போடவேண்டும், ஈரலில் கட்டி இருந்தால் இன்னும் நீளும். அது வார்டில் முடிந்துவிட்டது. இரண்டாம் கட்டம் மாத்திரை, பெரும்பாலும் கோ-ட்ரைமொக்சசோல். அது குறைந்தது மூன்று மாதம். காய்ச்சல் விட்டு, சோறு இறங்கி, ஆள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் இனி எதற்கு என்று எல்லோருக்கும் தோன்றும். பாதியில் விட்டவர்கள் மாதக்கணக்கில் கழித்து அதே நோயோடு திரும்பி வருகிறார்கள். அப்பாவிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பதினான்கு நாள் என்பது வேறு பல தொற்றுகளுக்குப் பொருந்தும் கணக்கு. நீங்கள் நோயின் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரை மட்டும் கொடுத்துக் கேட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மாற்று மருந்து இருக்கிறது. சிறுநீரகமும் பொட்டாசியமும் பார்க்கும் இரத்தப் பரிசோதனைத் திகதிகளைத் தவறவிட வேண்டாம்.

இனி உங்கள் முதற்கேள்வி. முன்பே பிடித்திருக்குமா?

பிடித்திருக்கலாம். சீனி வியாதி உள்ள விவசாயி, வெள்ளத்துக்குப் பின் சேற்றில் வேலை, ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல், செப்ட்ரியாக்சோனுக்கும் அடங்கவில்லை என்று நான்கையும் ஒரே மூச்சில் எழுதினால் இன்றைய பெரிய செயலிகள் பலவும் மெலியோய்டோசிஸைத் தங்கள் பட்டியலில் எங்காவது வைக்கும். ஆனால் இந்த நான்கும்தான் முக்கியம் என்று தெரிந்தவருக்குச் செயலியே தேவைப்படாது. உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். காய்ச்சலைச் சொன்னபோது வைரஸ் என்றது, தட்டணு எண்ணிக்கையைக் காட்டியபோது டெங்கு, வயலைச் சொன்னபோது எலிக்காய்ச்சல். சீனி வியாதியை எனக்கு இரண்டாவது வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். செயலிக்குச் சொன்னதாக எங்கும் காணோம். உங்களைக் குறை சொல்வதற்கில்லை. காய்ச்சலுக்கும் சீனிக்கும் என்ன தொடர்பு என்று வீட்டில் இருப்பவருக்கு எப்படித் தோன்றும்? இந்த நோய் வருபவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நீரிழிவுக்காரர்கள் என்பது வார்டில் நிற்கும் வைத்தியருக்குத் தெரியும், அதனால் அவர் கேட்பார். செயலி, கேட்டதற்குப் பதில் சொல்லும் பழக்கமுள்ளது. கேட்காததைத் தானாகத் தோண்டும் பழக்கம் அதற்கு இன்னும் சரியாக வரவில்லை.

செயலி சொன்ன மூன்று பெயர்களையும் முட்டாள்தனம் என்று தள்ளிவிடவும் மாட்டேன். தை மாதத்தில் மட்டக்களப்பில் ஒருவர் காய்ச்சல் என்று வந்தால் நானும் டெங்குவைத்தான் முதலில் நினைப்பேன். 2017இல் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குச் சந்தேகத்தில் பதிவானார்கள். எலிக்காய்ச்சலும் அப்படித்தான், 2008இல் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர். பெரும்போகம் தொடங்கும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வயற்காரருக்கு வாரம் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் கொடுப்பது அதற்காகத்தான். (அந்த மாத்திரையை நம்பி மெலியோய்டோசிஸ் வராது என்று இருந்துவிட வேண்டாம். அது எலிக்காய்ச்சலுக்கு மட்டும்.)

சரி, பெயர் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பெயரை வைத்து மூன்று மாத மருந்தை யாரும் தொடங்க முடியாது. கிருமியைக் கையில் பிடிக்கவேண்டும். நான் நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்துக்காரன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கையில் எடுத்த இரத்தம் வளர்ப்புக் குப்பியில் போய், உடல் சூட்டில் வைக்கப்பட்டிருக்கும். உள்ளே ஏதாவது பெருகினால் இயந்திரம் ஒலியெழுப்பும். அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் சாயமிட்டுப் பார்த்தால் சிவந்த குச்சிகள் தெரியும். சில, இரு முனையிலும் சாயம் ஏறி நடுவில் வெளுத்து ஊக்குப் போல இருக்கும். இன்னொரு துளியை வளர்ப்புத் தட்டில் தீற்றி வைத்தால் மறுநாள் வெள்ளையாய், வழவழப்பாய், எதையும் சொல்லாத சிறு புள்ளிகள் வரும். அந்தக் கட்டத்திலேயே, தோல் கிருமி கலந்துவிட்டது என்றோ ஏதோ சூடோமோனாஸ் என்றோ எழுதித் தட்டைக் குப்பையில் போட்ட ஆய்வுகூடங்கள் உலகெங்கும் உண்டு. பொறுத்திருந்தால் மூன்றாம் நான்காம் நாள் அந்தப் புள்ளிகள் காய்ந்து சுருங்கி மடிப்பு விழும். ஆஷ்டவுன் என்ற ஊடகத்தில் ஊதா நிறம் ஏறும். அன்டிபயோட்டிக் வில்லைகளை வைத்துப் பார்த்தால் ஜென்டமைசின் வில்லையின் விளிம்பு வரை கிருமி வளர்ந்திருக்கும், கொலிஸ்டினிலும் அப்படியே. கோ-அமொக்சிகிளேவ் வில்லையைச் சுற்றி மட்டும் துப்புரவான வட்டம். ஒக்சிடேஸ் என்ற நொதியைத் தேடும் சோதனையும் நேர் என்றால், தட்டை மூடிப் பாதுகாப்புப் பேழைக்கு எடுத்துப் போய்விடுவோம். மண் வாசனை வரும் என்பார்கள், மணந்து பார்க்கக் கூடாது. மூச்சு வழியாகவும் தொற்றும் கிருமி அது.

இதில் கற்பிக்கப்பட்ட இயந்திரங்களின் குணம் ஒன்று தெரிகிறது. கிருமியின் புரதங்களை எடைபோட்டு, தன்னிடம் உள்ள தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுச் சில நிமிடங்களில் பெயர் சொல்லும் விலையுயர்ந்த கருவி ஒன்று இப்போது பெரிய ஆய்வுகூடங்களில் இருக்கிறது. மெலியோய்டோசிஸ் கிருமி உயிராயுதமாகப் பயன்படக்கூடும் என்ற அச்சத்தில், அத்தகைய கருவி ஒன்றின் வழக்கமான தரவுத்தளத்தில் அதைச் சேர்க்காமல் தனித் தொகுப்பாக வைத்தார்கள். அந்தத் தொகுப்பு இல்லாத இடத்தில் கருவி என்ன செய்யும்? அருகிலிருக்கும் உறவுக்காரனின் பெயரைச் சொல்லும். பர்க்ஹோல்டேரியா தாய்லாந்தென்சிஸ் என்ற, மனிதருக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாத கிருமியின் பெயர் வந்து நின்ற சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பட்டியலில் இல்லாத ஒன்றை அது எங்கிருந்து சொல்லும்? நீங்கள் கேட்ட செயலிக்கும் இதே வருத்தம்தான். அது எழுதி வைத்ததைப் படித்து வளர்ந்தது. நம் மண்ணின் நோய்களில் பல எழுதி வைக்கப்படவில்லை.

இந்த நோயின் கதையே அதுதான். 1911இல் ரங்கூனில் விட்மோர் என்ற வைத்தியரும் அவருடன் வேலைசெய்த கிருஷ்ணசுவாமியும் பிரேத பரிசோதனைகளில் முதன்முதலாக இதைக் கண்டார்கள். இலங்கையில் முதல் நோயாளி 1927இல் பதிவானார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். இந்த நூற்றாண்டில் ஆய்வுகூடங்கள் தேடத் தொடங்கிய பிறகு மட்டக்களப்பு உட்படப் பல மாவட்டங்களில் நோயாளிகள் வரிசையாக உறுதிப்பட்டார்கள். உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் வான் பாய்ந்து வயல் வட்டையெல்லாம் வெள்ளக்காடாவது நம் தாத்தா காலத்திலும் நடந்தது. கிருமியும் அப்போதே மண்ணில் இருந்திருக்கும். நிமோனியா, ஈரல் கட்டி, தெரியாத காய்ச்சல் என்ற பெயர்களில் எத்தனை பேரை அடக்கம் செய்தோமோ! சுகாதார அமைச்சின் வாராந்தத் தொற்றுநோய் அறிக்கையில் டெங்குவுக்கு ஒரு நிரல், எலிக்காய்ச்சலுக்கு ஒன்று, உண்ணிக்காய்ச்சலுக்கு ஒன்று என்று வரும். மெலியோய்டோசிஸுக்கு நெடுங்காலம் நிரலே இருந்ததில்லை. அந்த அட்டவணையைப் படித்துக் கற்ற கணினிக்கு இப்படி ஒரு நோய் இருப்பதே தெரியாது.

ஆனால் இதே நோயில் கணினி பெரிய உபகாரமும் செய்திருக்கிறது. 2016இல் ஆய்வாளர் குழு ஒன்று, உலகில் எங்கெல்லாம் இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டதோ அந்த இடங்களின் மழை, வெப்பம், மண் தன்மை எல்லாவற்றையும் கணினிக்குக் கற்பித்து, இன்னும் எங்கெங்கே இருக்கக்கூடும் என்று வரைபடம் வரையச் செய்தது. வருடத்துக்கு ஏறத்தாழ 165,000 பேருக்கு நோய், 89,000 மரணம் என்று வந்தது மதிப்பீடு. டெங்கு மரணங்களைவிடக் கூடுதலான எண் அது. நோய் பதிவே ஆகாத பல நாடுகளையும் அந்த வரைபடம் நிறமிட்டுக் காட்டியது. எனக்குப் பிடித்த வேலை இது. இங்கே தேடு என்று விரல் நீட்டிவிட்டுக் கணினி ஒதுங்கிக்கொள்கிறது. தேடுவதும் தட்டில் வளர்த்து உறுதி செய்வதும் மனிதர் கையில்.

இன்னொன்று காசநோய். மார்பு எக்ஸ்ரேயைப் படித்து இவருக்குச் சளிப் பரிசோதனை தேவை, இவருக்குத் தேவையில்லை என்று பிரித்துச் சொல்லும் மென்பொருளை, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. கதிரியக்க நிபுணர் இல்லாத ஊரில் அது வரப்பிரசாதம். அதனிடம் கேட்கப்படுவது ஒரே ஒரு கேள்வி. பிழை விட்டாலும் பின்னால் சளிப் பரிசோதனை நின்று பிடிக்கிறது.

கொவிட் காலத்தில் நடந்த கூத்தையும் சொல்லவேண்டும். எக்ஸ்ரேயில் கொவிட்டைக் கண்டுபிடிப்போம் என்று நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. 2021இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சல்லடை போட்டு எடுத்த அறுபதுக்கு மேற்பட்ட முறைகளில் ஒன்றுகூட வார்டில் பயன்படுத்தும் தரத்தில் இருக்கவில்லை. பல முறைகளில் கொவிட் இல்லாதவர் என்று காட்டிய எக்ஸ்ரேக்கள் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுடையவை. கொவிட் படங்களோ பெரியவர்களுடையவை. அதில் கணினி படித்தது நோயையா, வயதையா? மக்கள் தேடும் சொற்களை வைத்து இன்ஃப்ளூயென்சாவை முன்கூட்டியே சொல்ல 2008இல் கூகுள் தொடங்கிய திட்டமும், 2012–13 பருவத்தில் இருந்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு சொல்லிவிட்டு, 2015இல் கடையை மூடியது. கடைசியில் செயற்கை நுண்ணறிவு தேடித் தந்த புதிய அன்டிபயோட்டிக்குகள் என்று செய்திகளில் வருவதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2020இல் ஹாலிசின், 2023இல் அபாவுசின். ஆர்வமூட்டும் வேலை, ஆனால் ஆஸ்பத்திரி மருந்துச் சாலைக்கு வந்து சேரவில்லை.

இனி நம்பலாமா என்று கேட்டீர்கள். வைத்தியரிடம் போவதற்கு முன் தயாராவதற்குப் பயன்படுத்துங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், என்ன வேலை, சேற்றிலோ வெள்ளத்திலோ இறங்கினாரா, காலில் வெடிப்பு, புண் இருந்ததா, என்னென்ன வியாதிக்கு மருந்து குடிக்கிறார், டிஸ்பென்சரியில் என்ன ஊசி போட்டார்கள் என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் ஒழுங்காக எழுதித் தரச் சொல்லுங்கள். அதை அது நன்றாகச் செய்யும். அந்தப் பக்கத்தை வார்டு வைத்தியரிடம் நீட்டினால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். நோயறிதல் அட்டையைப் பெயரோடு படம் பிடித்துச் செயலியில் ஏற்றாதீர்கள். போன படத்தைத் திரும்ப வாங்க முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போவதா இல்லையா என்ற முடிவை மட்டும் அதனிடம் விடவே கூடாது. காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் முழு இரத்தப் பரிசோதனை. வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் குளிர்தல், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருத்தல், சிறுநீர் குறைதல், எங்காவது இரத்தம் கசிதல் என்றால் நாள் கணக்குப் பார்க்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. சூடு குறைந்துவிட்டது என்று வீட்டார் நிம்மதியாகும் நேரத்தில் குருதிக் குழாயிலிருந்து நீர் கசிந்து கொண்டிருக்கும். பரசிட்டமோல் தவிர வேறு வலி மருந்து, முக்கியமாக டைக்ளோபெனாக், இபுபுரூபன், வேண்டவே வேண்டாம். சீனி வியாதியோ சிறுநீரக வியாதியோ உள்ள வயற்காரருக்குக் காய்ச்சல் என்றால், அன்டிபயோட்டிக் ஊசி போட முன் இரத்த வளர்ப்புப் பரிசோதனைக்கு எடுக்கலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த வைத்தியரும் கோபிக்க மாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை. ஊசி முந்திவிட்டால் குப்பியில் கிருமி முளைக்காமல் போகலாம். உங்கள் அப்பாவுக்கு முளைத்தது அதிர்ஷ்டம்.

தம்பியின் செயலிக்கு வருகிறேன். காய்ச்சலுக்குப் பெயர் சொல்லும் செயலி வேண்டாம் என்பது என் ஆலோசனை. ஏன் என்று அவனுக்குப் புரியும் மொழியில் ஒரு கணக்கு. ஆயிரம் காய்ச்சல்காரரில் பத்துப்பேருக்கு மெலியோய்டோசிஸ் என்று வைத்துக்கொள்ளட்டும். செயலி நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பிடிக்கிறது, நோயில்லாதவரில் நூற்றுக்குப் பத்துப்பேரை மட்டும் தவறாகப் பிடிக்கிறது. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. பிடிபட்டவர்களை எண்ணினால் உண்மை நோயாளிகள் 9 பேர், சும்மா வந்தவர்கள் 99 பேர். அந்த 108 பேரும் ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் தாதிமார் என்ன செய்வார்கள்? அதைவிட மோசம், செயலி தவறவிட்ட அந்த ஒருவர் எனக்கு அது இல்லையாம் என்று வீட்டில் படுத்திருப்பார்.

அவன் கெட்டிக்காரனாக இருந்தால் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, ஆய்வுகூட அறிக்கைகளைக் கவனிக்கும் சிறு மென்பொருள். இரத்தத்தில் வளர்ந்த கிருமி ஒக்சிடேஸ் நேர், ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்கவில்லை, கோ-அமொக்சிகிளேவுக்கு அடங்குகிறது என்று பதிவானால், தட்டை எறியாதே, நுண்ணுயிரியல் வைத்தியரைக் கூப்பிடு என்று சிவப்பில் எழுதிக் காட்டவேண்டும். இதற்குச் செயற்கை நுண்ணறிவுகூட வேண்டாம், நான்கு நிபந்தனை போதும். பேராசிரியர் இது சின்ன விஷயம் என்று புள்ளி குறைக்கக்கூடும், அது வேறு கதை. இரண்டாவது, வாராந்தத் தொற்றுநோய் அறிக்கையின் மாவட்ட எண்களையும் மழையளவையும் வைத்து, நான்கு வாரம் முந்தி டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் கணிப்பது. எண்கள் பகிரங்கமானவை, எவருடைய பெயரும் அதில் இல்லை. அம்பாறை மாவட்டத்தைக் கல்முனை என்று தனியே பிரித்து எண்கள் வரும், அதைக் கவனிக்காமல் விட்டால் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுக் கணக்கெல்லாம் குழம்பிப் போகும். மட்டக்களப்பு எண்களில் கற்பித்துவிட்டு மட்டக்களப்பிலேயே சோதித்து 95 வீதம் சரி என்று சுவரொட்டி அச்சிடாமல், கற்பிக்காத கல்முனை எண்களில், கற்பிக்காத வருடத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கே வரும் எண் எவ்வளவு கேவலமாக இருந்தாலும் அறிக்கையில் போடட்டும்.

நோயாளிகளின் அட்டைகளைத் தொடுவதாக இருந்தால் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும், 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசிக்கட்டும். அந்த விண்ணப்பப் படிவத்தில், இதன் முடிவை யார், எந்த மேசையில் இருந்து, எந்த நேரத்தில் பயன்படுத்துவார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அந்த மேசையில் இருப்பவரைப் போய்ப் பார்த்துப் பேசிய பிறகு கணினி நிரல் எழுத உட்காரட்டும்.